அடுப்பில்லாத மாடியில் சோற்று வாசனை: சென்னையில் ஒரு மாதப் பயிற்சி

"குட்டி விலங்குகளைத் தூக்கிக் கொஞ்சலாமா?" சென்னையில் காட்டுயிர் மறுவாழ்வு மையம் ஒன்றுக்கு ஒரு மாதப் பயிற்சிக்குப் போகிறேன் என்று இங்கே எழுதியதும் வந்த முதல் கேள்வி இது. போய்விட்டு வந்துவிட்டேன். கொஞ்ச முடியாது. பேசக்கூட முடியாது. அதை மட்டும் எழுதிவிட்டுப் படுத்திருக்கலாம். ஆனால் சாந்தோமில் ஒரு வீட்டு மாடியில் நான் முகர்ந்த வாசனையை விட்டுவிட்டு இந்தப் பயணத்தை எழுத முடியாது என்று பலமுறை அழித்து எழுதிய பிறகு புரிந்தது. அந்த வீட்டாரின் சம்மதத்தோடு, பெயர்களை மாற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏன், எப்போது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பதினோரு வருடம் விற்பனைப் பிரிவில் இருந்தேன். போன வருடம் ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு வேலையை விட்டேன். காரணம் கேட்காதீர்கள், ஆடித் தள்ளுபடிதான் காரணம். சும்மா இருந்தபோது தோழி ஒருத்தி ஓர் அறிவிப்பை அனுப்பினாள். அடிபட்ட, தாயைப் பிரிந்த காட்டுயிர்களைத் தேற்றித் திரும்ப விடும் மையம் அது. பொதுமக்களிடம் பேச ஒரு பயிற்சியாளர் வேண்டும், விலங்கியல் படித்திருக்கத் தேவையில்லை, சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்தது. 'இந்தச் சாயம் போகாதுங்க' என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. பேசத்தானே ஆள் கேட்கிறார்கள் என்று செப்டம்பரில் கிளம்பினேன். மதியச் சாப்பாடும் ஒரு காரணம். நான் சாப்பாட்டுக்காரி என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். என் மூக்கு பொய் சொல்லாது.

ஈரோட்டிலிருந்து சென்ட்ரலுக்கு ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். இரவு ரயில், ஸ்லீப்பர், முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சென்ட்ரலிலிருந்து அடையாறுக்கு ஆட்டோவில் போனால் முந்நூற்றைம்பது கேட்பார்கள். பெண்களாக இருந்தால் இளஞ்சிவப்பு முகப்பு வைத்த மாநகரப் பேருந்தைப் பிடியுங்கள், கட்டணமே இல்லை. அடையாறில் பெண்கள் விடுதி ஒன்றில் மாதம் எட்டாயிரத்து ஐந்நூறுக்கு அறை கிடைத்தது. காலையும் இரவும் சாப்பாடு உண்டு. சாம்பாரை நம்பிப் போகாதீர்கள்.

மையம் விடுதியிலிருந்து நடக்கிற தூரம்தான். கூட்டம் வந்து எட்டிப் பார்த்தால் விலங்குகளுக்கு ஆகாது என்பதால் எந்தத் தெரு என்று எழுதப் போவதில்லை. வாசலில் நிற்கும்போது பின்னால் பேருந்து ஹாரனும் கட்டடம் இடிக்கும் சத்தமும் காதைப் பிளக்கும். இரண்டாவது கதவைத் தாண்டினால் ஒன்றுமே கேட்காது. முதல் நாள் எனக்கு அது என்னவோ போலிருந்தது.

உள்ளே குட்டிகள் வார்டு. அங்கே மனிதக் குரல் கூடாது. மனிதக் குரலைக் கேட்டு வளர்ந்த குட்டி, வெளியே விட்டதும் மனிதனைத் தேடிப் போய் அடிபட்டுச் சாகும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. முகம் தெரியக்கூடாது என்று எல்லாரும் வெள்ளைத் துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், வாய் திறக்காமல் நடமாடுகிறார்கள். அரையிருட்டில் முகமில்லாத நாலைந்து பேர் ஒருவரையொருவர் உரசாமல் போய் வருவதை நினைத்துப் பாருங்கள். கூண்டுகளிலிருந்து மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வரும். கூகைக் குஞ்சுகள் அப்படித்தான் சீறுமாம். தூங்கும் மனிதன் குறட்டைக்கு முன்னால் விடுகிற மூச்சைப் போலவே இருந்தது. நான் என் அம்மாவை நினைத்துக்கொண்டு பாலூட்டும் சிரிஞ்சைப் பிடித்தேன்.

எனக்குக் கொடுத்த துண்டில் ஒரு வாசனை இருந்தது. சோறு வடித்த கஞ்சி வாசனை. எங்கள் வீட்டில் பருத்திப் புடவைக்கு அம்மா கஞ்சி போடுவாள். இங்கே துண்டுக்குக் கூடப் போடுகிறார்களே, என்ன நறுவிசு என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே பேச முடியாது, வெளியே வந்ததும் மறந்துவிடும். அதனால் யாரிடமும் கேட்கவில்லை.

காலையில் இப்படி ஊமை வேலை. மாலையில் அதற்கு நேர்மாறாகத் தொண்டை கிழியப் பேச வேண்டும். பள்ளிக்கூடம், குடியிருப்பு, தி.நகரில் ஒரு பூங்கா என்று வண்டியில் போவோம். மடக்கு மேசை, படங்கள், ஒரு பாம்புச் சட்டை, கொஞ்சம் இறகுகள். மைய மருத்துவர் நளினி எனக்கு ஒன்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். "பயத்தோட வர்றவங்ககிட்ட 'பயப்படாதீங்க'ன்னு சொல்லாதீங்க. என்ன பார்த்தீங்க, என்ன கேட்டீங்கன்னு கேளுங்க. பாதி அவங்களே சொல்லிடுவாங்க."

முதல் ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் மேசை போட்டோம். மாதா கோயில் பூசை முடிந்து வருகிற கூட்டமும் சோளம் தின்ன வருகிற கூட்டமும் சேர்ந்துகொள்ளும் இடம். ஆந்தை வீட்டுக்குள் வந்தால் சாவு வருமா என்று கேட்டவர்களுக்கு, எலி போகும் என்று பதில் சொன்னேன். உடும்பு எண்ணெய் கிடைக்குமா என்று கேட்டவரைக் கொஞ்சம் முறைத்தேன்.

இருட்டத் தொடங்கும்போது ஓர் அம்மா வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். சாம்பல் நிறப் புடவை, கையில் ஜெபமாலை. படங்களையெல்லாம் பள்ளிக்கூடத்து ஆசிரியை நோட்டுத் திருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓய்வுபெற்ற ஆசிரியைதான் என்பது பிறகு தெரிந்தது. பெயர் பிலோமினா.

"வாழைப்பழத்தைத் தோலோட சாப்பிடுற பறவை எதும்மா?" என்றார்.

"தோலோடவா? எங்க பார்த்தீங்க டீச்சர்?" வாயில் தானாக டீச்சர் வந்துவிட்டது.

"வீட்டுல. மாடி ஜன்னல்ல. ராத்திரி வைக்கிறேன், காலைல இருக்க மாட்டேங்குது." அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்து, பின்னால் திரும்பிப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பின்னால் அவருடைய மகன் நின்றிருந்தான். ரூபன், முப்பத்தைந்து வயது, ஐ.டி. வேலை. அம்மாவைக் காரில் உட்கார வைத்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான்.

"மேடம், அப்பா போனதிலேருந்து அம்மாவுக்குக் கொஞ்சம்..." என்று நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றினான். "மாடியில அப்பா ரூம்ல அவர் இருக்காருங்கிறாங்க. பழம் வைக்கிறாங்க, பேசுறாங்க. இல்லாத வாசனையெல்லாம் வருதுங்கிறாங்க. வியாழக்கிழமை மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அப்புறம் வீட்டைப் பூட்டிட்டு நாவலூர்ல என் ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க ஒரு தடவை வந்து பார்த்து, 'எலிதான், வேற ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லிட்டீங்கன்னா அவங்க மனசு கேக்கும். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க."

அவன் கெட்டவன் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. ஆனால் அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்பதற்கு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறான் என்பது எனக்கு உறைத்தது. வருகிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கிளம்பினேன். மருத்துவர் நளினி, எதற்கும் இருக்கட்டும் என்று காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்தார். வார்டிலிருந்து நேராக வந்ததால் துண்டையும் பைக்குள் திணித்துக்கொண்டேன். பெட்டியோடு பேருந்தில் ஏற முடியாது. அடையாறு சிக்னலில் ஆட்டோ பிடித்தேன், சாந்தோமுக்கு நூற்று எண்பது ரூபாய். ஐந்தாறு கிலோமீட்டர்தான், நூற்றைம்பதுக்கு மேல் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன்.

ஓட்டுநர் கண்ணாடியில் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். "இன்னாம்மா, பொட்டில ஓட்ட ஓட்டயா கீது?"

"காலிப் பெட்டிதான் அண்ணா."

"காலிப் பொட்டிக்கு இன்னாத்துக்குக் காத்து?"

எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. பாலத்தைத் தாண்டி, பட்டினப்பாக்கம் வழியாகக் கடலோரச் சாலையில் போனோம். நொச்சிக்குப்பத்தை நெருங்கும்போதே மீன் வாசனை ஆட்டோவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மதிய வெயிலில் படகுகள் மட்டும் கிடந்தன. இறங்கும்போது, திரும்பப் போகவும் வர முடியுமா என்று கேட்டேன். "போம்போது காலி. வரும்போது அதுல இன்னா இருக்குமோ. வேற வண்டி பார்த்துக்கோம்மா" என்று கிளம்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சந்துக்குள் நுழைந்ததும் போய்விட்டது.

மூன்று மணி வெயில். சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை, எல்லா வீட்டு ஜன்னலும் சாத்தியிருந்தது. பிலோமினா டீச்சர் வீடு கடைசியில் இருந்தது. கீழே தளம் போட்ட வீடு. மேலே ஒரே ஓர் அறை, அதற்கு ஓட்டுக்கூரை, கூரைக்கு அடியில் மரப்பலகை அடித்த மச்சு. பக்கத்து வீட்டு வேப்பமரம் ஓட்டின் மேல் சாய்ந்திருந்தது. ரூபன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். காலையில்தான் ஆள் விட்டு ஓட்டில் இருந்த பொத்தலைக் கம்பி வலை வைத்து அடைத்தேன் என்று பெருமையாகச் சொன்னான்.

மாடிக்கு ஏறினோம். டீச்சர் பூட்டைத் திறந்தார். ஒரு மேசை, பிரம்பு நாற்காலி, சுவரில் டீச்சரின் கணவர் அந்தோணி சாரின் படம், ஜன்னலில் ஒரு தட்டு. மூச்சை இழுத்தவுடன் எனக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டது.

"டீச்சர், கீழ சமையலா? பாசுமதி வாசனை தூக்குது. வடிச்சு இறக்கியாச்சு போலிருக்கே?"

டீச்சர் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. ரூபனுடைய முகம் வெளுத்துப்போனது.

"அம்மா சொன்னாங்களா உங்ககிட்ட?" என்றான்.

"எதை?"

"இந்த வாசனையை."

"வாழைப்பழத்தைப் பத்தித்தான் சொன்னாங்க."

அவன் என்னைத் தள்ளாத குறையாகக் கீழே அழைத்துப்போய்ச் சமையலறையைக் காட்டினான். அடுப்பு துடைத்து வைத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. மதியத்துக்குக் கடையில் வாங்கிய இட்லிப் பொட்டலம்தான் கிடந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன், பக்கத்து வீட்டிலும் பூட்டு. மறுபடி மாடிக்கு ஏறினால், நான்காவது ஐந்தாவது படியிலேயே அந்த வாசனை வந்து எதிரே நிற்கிறது. ஏற ஏறக் கூடுகிறது. என் கை மயிர் எழுந்து நின்றது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

டீச்சர் அதே படியில் உட்கார்ந்தபடி பேசினார். "அவரும் வாத்தியார்தான்மா. சாயங்காலம் இங்க உக்காந்து பேப்பர் திருத்துவார். நான் கீழ சோறு வைப்பேன். வாசனையை வச்சே மேலேருந்து குரல் கொடுப்பார், 'வடிச்சிடு பிலோ, குழைஞ்சிடும்'னு. ஒரு நாளும் குழையல. பெருந்தொற்றுல போயிட்டார். முகத்தைக் கூட சரியா காட்டல. மூணு மாசமா, விளக்கு வைக்கிற நேரத்துல மேலேருந்து இந்த வாசனை வருது. இப்ப அவர் மேல வடிக்கிறார், நான் கீழ உக்காந்திருக்கேன். இவன்கிட்ட சொன்னா, 'எனக்கு ஒரு வாசனையும் வரல'ங்கிறான்."

"வரலதானே!" ரூபன் கத்திவிட்டான். "இப்பக்கூட வரல!"

அப்போது மச்சுக்கு மேலே ஏதோ உருண்டது. பிறகு மிக மெல்லிய சத்தம் ஒன்று, தூக்கத்தில் குழந்தை சிணுங்குகிற மாதிரி. டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. முகம் துடைக்கப் பைக்குள் கையை விட்டுத் துண்டை எடுத்தேன். மூக்கில் ஒற்றியவுடன் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டும் ஒரே வாசனை.

மருத்துவர் நளினியைத் தொலைபேசியில் அழைத்தேன். "டாக்டர், நம்ம துண்டுக்குக் கஞ்சி போடுவாங்களா?"

"துண்டுக்கா? கஞ்சியா? எந்தக் காலத்துல இருக்கீங்க! அது மரநாய்க் குட்டிங்க இருக்கிற மூலையில தொங்குது. அதுங்க வாசனைதான். மரநாய் குடியிருக்கிற இடத்துல பாசுமதி வேகுற மாதிரி இருக்கும். ஏன் கேக்கறீங்க?"

சொன்னேன். அவர், பொத்தலை அடைக்கும்போது பெரிய விலங்கு ஏதாவது ஓடியதா என்று கேட்கச் சொன்னார். ரூபனிடம் கேட்டேன். "பெரிய பூனை ஒண்ணு வேப்பமரத்துல தாவிச்சுன்னு அந்த ஆள் சொன்னான். மூஞ்சி கறுப்பா, வால் நீளமா."

தெரியாதவர்களுக்காக: மரநாய் என்பது நாயும் இல்லை, பூனையும் இல்லை. கூரையிலும் மரத்திலும் குடியிருக்கும், பகலில் தூங்கும், பழம் தின்னும், மனிதர்களை ஒன்றும் செய்யாது. மயிலாப்பூர், அடையாறு பக்கம் மச்சு வைத்த வீடுகளில் நிறையவே உண்டு. தாய் வெளியே, குட்டிகள் மச்சுக்குள், நடுவில் ரூபனின் கம்பி வலை. காலையிலிருந்து பால் இல்லை. வெயிலில் ஓடு கொதித்துக்கொண்டிருந்தது.

"குட்டிகளைத் தொடாதீங்க" என்றார் மருத்துவர். "இருட்டறதுக்குள்ள வலையை எடுத்துடுங்க. நீங்க யாரும் பேசக்கூடாது. தாய் வந்தா வரும். வரலைன்னா பெட்டியில கொண்டுவாங்க, ஆனா தாய் வளர்க்கிற மாதிரி நம்மால முடியாது."

ரூபன் அசையவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்க" என்றான். "வாசனையே இல்லாத இடத்துல வாசனைங்கிறீங்க." நான் பேசாமல் துண்டை நீட்டினேன். முகத்தில் வைத்து ஆழமாக இழுத்தான். மறுபடி இழுத்தான். தலையை ஆட்டினான். டீச்சர் எழுந்து கீழே போய் காப்பித்தூள் டப்பாவைக் கொண்டுவந்தார். மூக்கருகே பிடித்தார். ஒன்றுமில்லை. தைலத்தைத் தேய்த்தார். கண்ணில் நீர் வந்தது, எரிச்சல் தெரிகிறது, வாசனை தெரியவில்லை.

"எத்தனை நாளாடா?" என்றார் டீச்சர்.

"அப்பாவுக்கு வந்தப்ப எனக்கும் வந்துச்சே, அந்தக் காய்ச்சல்லேருந்து" என்றான். குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. "திரும்ப வந்துடும்னு நினைச்சேன். வரல. அவரே போயிட்டார், நான் மூக்கைப் பத்திப் போய் என்னம்மா சொல்றது? நீ சமைச்சதெல்லாம் சூப்பர்னு சொன்னேன். எதுவுமே தெரியல, காகிதம் மாதிரிதான் இருந்துச்சு."

அம்மாவுக்குப் பைத்தியம் என்று நம்பியவனுக்கு மூக்கு இல்லை. கோபப்படலாம் என்று காத்திருந்த எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டீச்சர் அவன் தலையைத் தொட்டார். "ஏணி பின்னால இருக்கு, போ" என்றார்.

அவனே ஏறி வலையைப் பிய்த்தான். கை கிழிந்து ரத்தம் வந்தது. பிறகு மூவரும் படிக்கட்டின் அடியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்தோம். மருத்துவர் சொன்னபடி பேச்சில்லை. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்து காணாமல் போனது. மேலே குட்டிகளின் சிணுங்கல் குறைந்துகொண்டே வந்தது. அது தூக்கமா வேறொன்றா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த நேரம்தான் இந்த மாதத்திலேயே எனக்கு மிகவும் கஷ்டமான நேரம்.

பிறகு ஓட்டின் மேல் காலடி கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், மனிதர் நடக்கிற மாதிரியேதான் இருந்தது. நிதானமாக வந்து, நாற்காலிக்கு நேர் மேலே நின்றது. டீச்சரின் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. ஓர் ஓடு நகர்ந்தது. மச்சுக்குள் ஏதோ இறங்கியது. சிணுங்கல் ஒரேயடியாகப் பெருகி, சட்டென்று நின்று, சப்புக் கொட்டுகிற சத்தம் வந்தது. ரூபன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

வாசல் வரை வந்து வழியனுப்பும்போது டீச்சர் மெதுவாகக் கேட்டார். "அப்போ அது அவர் இல்ல, இல்லம்மா?"

"இல்லை டீச்சர்." அதைச் சொல்லத்தான் ரூபன் என்னைக் கூப்பிட்டிருந்தான். சொன்னபோது அவரிடமிருந்து எதையோ திருடியது போலிருந்தது.

"பரவால்ல" என்றார். "எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்சுதே." வியாழக்கிழமை அவர்கள் மருத்துவரிடம் போனார்கள். டீச்சரோடு இல்லை, ரூபனுடைய மூக்கோடு.

அடுத்த வாரமே தாய் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போய்விட்டது. இடத்தைத் தொந்தரவு செய்தால் இப்படித்தான் செய்யுமாம். மருத்துவர் நளினி நேரில் போய் மச்சைப் பார்த்து, காலி என்று உறுதி செய்த பிறகு பொத்தலை அடைத்தார்கள். அறையை ஃபினாயில் விட்டுக் கழுவினார்கள். வாசனை போய்விட்டது என்று டீச்சர் தொலைபேசியில் சொன்னார். சொன்ன பிறகும் அவர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

போகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். செப்டம்பரில் சென்னை வெயில் ஈரோட்டு வெயிலை விடப் பிசுபிசுப்பு, பருத்தி உடை எடுத்துப் போங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம், வார்டுக்குள் விட மாட்டார்கள். வெளிச் சாப்பாடு நீங்கலாக என் மாதச் செலவு விடுதியோடு சேர்த்துப் பன்னிரண்டாயிரம் ஆனது, விடுதி போக மீதியில் பாதி வீண்செலவு, ஆட்டோவுக்கு. உங்கள் வீட்டுக் கூரையில் சத்தம் கேட்டால், அடைப்பதற்கு முன்னால் வனத்துறைக்கோ மறுவாழ்வு மையத்துக்கோ சொல்லுங்கள். உள்ளே குட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தப் பொத்தலையும் அடைக்காதீர்கள். பேசப் போகிற இடத்தில், யாராவது எதையாவது பார்த்தேன், கேட்டேன், முகர்ந்தேன் என்று சொன்னால், விளக்கம் சொல்லும் அவசரத்தை அடக்கிக்கொண்டு ஒருமுறை நீங்களும் மூச்சை இழுத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த பயிற்சி அவ்வளவுதான்.

கடைசி ஞாயிறு இரவு ரயில். மதியம் டீச்சர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் நாவலூருக்குப் போகவில்லை, ரூபன்தான் வாராவாரம் இங்கே வருகிறான். பூசை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். சமையல் இன்னும் தொடங்கவில்லை. ரூபன் மாடிப்படியில் நாலு படி ஏறியவன் அப்படியே நின்றான்.

"அம்மா, சோறு வச்சிட்டியா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். அரிசி இன்னும் டப்பாவில் இருந்தது.

"வாசனை வருது" என்றான். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தான். "மேலேருந்து வருது. மேடம், உங்களுக்கு வருதா?"

இழுத்துப் பார்த்தேன். ஃபினாயில் மட்டும்தான். சாப்பாட்டுக்காரியின் மூக்கு, மறுபடியும் இழுத்தேன். ஒன்றுமில்லை. இதற்கும் விளக்கம் உண்டு. போன மோப்பம் திரும்பும்போது இல்லாத வாசனைகள் வருவதுண்டு என்று அவனுடைய மருத்துவரே சொல்லியிருந்தாராம், டீச்சர்தான் முன்பு எனக்குச் சொல்லியிருந்தார். ஒரு மாதமாக ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்ன வாயைத் திறந்தேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வருதுடா" என்றார் மகனிடம். "நீ மேல போய் உக்காரு. கூப்பிடுறேன்."

அவன் ஏறிப் போனான். பிரம்பு நாற்காலி முனகியது. டீச்சர் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் காதருகே கேட்டார். "உனக்கு வந்துச்சாம்மா?"

"இல்லை டீச்சர். உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல" என்றபடி பானையை அடுப்பில் வைத்தார். "சீக்கிரம் அரிசியைக் களைஞ்சு குடு. அவன் இறங்கி வரும்போது இங்க சோறு இருக்கணும்."

களைந்து கொடுத்தேன். உலை கொதித்தது. அரிசியைப் போட்டார். இருவரும் வார்டில் நிற்பது போலப் பேசாமல் நின்றோம். ஜன்னல் வழியே மீன்காரர் குரல் ஒன்று வந்து போனது. எனக்கு இன்னும் நேரமிருக்கிறது என்றுதான் தோன்றியது, சோற்று வாசனை கூடச் சரியாகக் கிளம்பவில்லை.

மாடியிலிருந்து குரல் வந்தது. "வடிச்சிடும்மா, குழைஞ்சிடும்."

டீச்சர் மூடியைத் திறந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். பதம் சரியாக இருந்தது.